ஏழு கட்டத் தாள்

ஆறு வாரத்தில் முடிந்துவிடும் என்றுதான் ஜெயகுமாரி நினைத்திருந்தாள். டைபாய்டு வந்தால் பதினாலு நாள், கை முறிந்தால் ஆறு வாரம் மாவுக்கட்டு. அவளுக்குத் தெரிந்த எல்லா உபாதைக்கும் ஒரு கெடு இருந்தது. கெடு முடிந்தால் மனுஷன் எழுந்து குளித்துவிட்டு வேலைக்குப் போவான். கணவன் எட்மண்டும் அப்படிப் போய்விடுவான் என்று ஐந்து சனிக்கிழமைகளாக நம்பிக்கொண்டிருந்தாள்.

ஐப்பசி மழை ஒரு வாரமாக விட்டு விட்டுப் பெய்ததில் திருமுல்லைவாயிலில் அவர்கள் தெரு முழுக்கக் கணுக்கால் தண்ணீர். காலை நாலரைக்கு அடுப்பைப் பற்றவைத்து, அரிசி மாவில் கொதிக்கிற வெந்நீரை ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறி, சூடு பொறுக்கிற பதம் வந்ததும் கையால் பிசைவாள். இடியாப்ப மெஷின் என்பது மர ஸ்டூலில் போல்ட் போட்டு இறுக்கிய ஓர் இரும்புக் குழல். மாவை அதற்குள் அடைத்து மேலே இருக்கும் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, அடியில் வைத்த தட்டில் இழைகள் வட்டமாக விழும். இருநூறு இடியாப்பம் ஆறரைக்குள் வெந்தாக வேண்டும். இரண்டு டிபன் கடைகளும் பின் தெருவில் பதினைந்து வீடுகளும் காத்திருக்கும்.

கைப்பிடியைச் சுற்றுவது எட்மண்டின் வேலையாக இருந்தது. “நீ மாவ பெச, நான் சுத்துறேன். பதினெட்டு வருசமா பிரஸ்ல நின்ன கை இது,” என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்காருவான். இப்போது அவன் சமையலறைப் பக்கமே வருவதில்லை. ஒரு தட்டு கைதவறி விழுந்தால், முன்னறையில் படுத்திருப்பவன் வியர்த்து எழுந்து உட்கார்ந்துவிடுவான். ஜெயகுமாரி தட்டுகளைத் துணிமேல் வைக்கப் பழகிக்கொண்டாள். சுற்றுவதையும் பழகிக்கொண்டாள். தோள்பட்டைதான் பழக மறுத்தது.

ஆவணி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் ஆரம்பித்தது எல்லாம். திருமழிசையில் காருக்கான சின்னச் சின்னத் தகடுகளை அடித்துக் கொடுக்கும் கம்பெனியில் எட்மண்ட் செட்டர். தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷினில் அச்சைப் பொருத்தி, சரிபார்த்து, ஓட்டுகிறவன் கையில் ஒப்படைப்பது அவன் பொறுப்பு. அன்றைக்கு மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் தேவாவின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின. தேவா இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். சாப்பாட்டு வேளையில் கேட்காமலே எட்மண்டின் டப்பாவில் கைவிடுகிற உரிமை உள்ளவன். ஆஸ்பத்திரிக்கு அவனோடு வண்டியில் போனது எட்மண்ட்தான். ஓட்டியவனின் கவனக்குறைவு என்று கம்பெனியில் எழுதிக்கொண்டார்கள். எட்மண்ட் அதற்குப் பிறகு நாலு நாள் வேலைக்குப் போனான். ஐந்தாம் நாள் கம்பெனி வண்டியின் படியில் வைத்த கால் மேலே ஏறவில்லை. வண்டி போய்விட்டது. அவன் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான் என்று பால்காரர் வந்து சொன்னார்.

தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்த டாக்டர்தான் ஆவடியில் மனநல ஆலோசகர் தீபிகாவிடம் அனுப்பினார். ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். மருந்துக்கடை மாடியில் இரண்டு அறைகள், வெளியே நாலு பிளாஸ்டிக் நாற்காலி. தீபிகாவுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்த பெண். முதல் நாள் இருவரையும் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னாள்.

“வாரம் ஒரு தடவை, அம்பது நிமிஷம். இங்க பேசுறது இங்கேயே இருக்கும். அக்கா வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன். உயிருக்கு ஆபத்துன்னு தோணினா மட்டும்தான் வெளிய சொல்லுவேன், அதையும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான். சில வாரம் வந்துட்டுப் போனா லேசா இருக்கும். சில வாரம் ஏண்டா வந்தோம்னு இருக்கும். அப்பவும் வாங்க.”

“எத்தினி வாரம் மேடம்?” என்று கேட்டாள் ஜெயகுமாரி.

“இப்பவே சொல்ல முடியாதுக்கா. ஆறு வாரம் ஆனதும் எப்படிப் போகுதுன்னு உக்காந்து பேசுவோம்.”

ஆறு வாரம் என்பது மட்டும் ஜெயகுமாரியின் காதில் தங்கிவிட்டது.

எட்மண்ட் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். “நான் இன்னா செய்யணும், சொல்லுங்க. செஞ்சிட்றேன்.”

“என்கிட்ட நல்ல பேர் வாங்கணும்னு நினைக்காதீங்க, அது போதும். நான் சொல்றது ஒத்து வரலன்னா வரலன்னு சொல்லுங்க. கோவம் வந்தா அதையும் சொல்லுங்க. இங்க நடக்குறது பாதிதான் சார். மீதி உங்க வீட்டுல, மத்த ஆறு நாள்ல.”

படியிறங்கும்போது எட்மண்ட், “பாவசங்கீர்த்தனம் மாதிரிதான் போலக்கீது ஜெயா. பாதர்கிட்ட பாவத்த சொல்லிட்டா இத்தினி ஜெபம் சொல்லுன்னு குடுப்பாரு. சொல்லி முடிச்சா தீந்துது,” என்றான். அவன் குரலில் கொஞ்சம் தெம்பு இருந்தது.

தீபிகா ஜெபம் கொடுக்கவில்லை. ஒரு தாள் கொடுத்தாள். நாளுக்கு ஒன்றாக ஏழு கட்டம். பயம் பத்துக்கு எவ்வளவு, எப்போது வந்தது, அப்போது என்ன செய்தாய் என்று ஒவ்வொரு கட்டத்திலும் எழுத வேண்டும். எட்மண்ட் அதை ஃபிரிட்ஜ் மேல் வைத்தான். அடுத்த வாரத் தாளை அதன்மேல் வைத்தான்.

“எழுதுனா இன்னாவாம்?” என்பாள் ஜெயகுமாரி.

“டெய்லி பத்துன்னு எழுதுறதுக்கு பேனா எதுக்கு?”

தாள் இல்லாமல் போனாலும் தீபிகா கோபித்துக்கொள்ளவில்லையாம். ஏன் எழுத வரவில்லை என்று அதைப்பற்றியே பேசலாம் என்றாளாம். ஜெயகுமாரிக்கு அது வினோதமாக இருந்தது. வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையிடம் யார் இப்படிப் பேசுவார்கள்?

ஐந்தாவது சனிக்கிழமை முடிந்து அடுத்து வந்த வியாழன் சாயங்காலம், தலையில் பாலிதீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு ஏகாம்பரம் வந்து சேர்ந்தான். எட்மண்டோடு ஒரே வண்டியில் வேலைக்குப் போகிறவன், தகடு வெட்டும் பிரிவு.

“இன்னா மச்சான், தாடியும் முடியுமா கீற? கிறிஸ்மசுக்கு குடில்ல உன்னையே நிறுத்திட்லாம் போல.”

“உக்காருடா.”

ஜெயகுமாரி காலையில் மிஞ்சிய இடியாப்பத்தை உதிர்த்து, வெங்காயம் பச்சைமிளகாய் போட்டுத் தாளித்துக் கொண்டுவந்தாள். ஏகாம்பரம் தட்டைத் தொடையில் வைத்துக்கொண்டான்.

“அந்தம்மாகிட்ட போயி அப்டி இன்னாதான் மாமே பேசுற, ஒரு மணி நேரம்? எங்க ஊட்டுக்காரிகிட்ட நான் அஞ்சு நிமிசம் பேசுனா ஆறாவது நிமிசம் பக்கத்து ஊட்டுக்காரன் வந்து வெலக்கி உட்றான்.”

“அம்பது நிமிசம்,” என்று திருத்தினான் எட்மண்ட். “பாதி நேரம் சும்மாத்தான் உக்காந்துகினு இருப்பேன். அவங்களும் உக்காந்துகினு இருப்பாங்க.”

“அடப்பாவி. சும்மா உக்கார்றதுக்கு ஆவடி வரைக்கும் ரயிலேறி போவணுமா? எங்க ஊட்டுல வந்து உக்காரு. ஃபேனும் கீது, டீயும் கீது.”

ஜெயகுமாரி சிரித்துவிட்டாள். எட்மண்டின் வாயோரமும் லேசாக அசைந்தது. அந்த அசைவைப் பார்த்துத் தைரியம் வந்துதான் ஏகாம்பரம் வந்த விஷயத்தைச் சொன்னான். “மேனேஜர் அசோக் சார் சொல்லி அனுப்புனாரு மச்சான். அடுத்த சனிக்கிழமைக்குள்ள அந்தம்மா கையால லெட்டர் வாங்கியாரணுமாம், இவன் வேலைக்கு வரலாம்னு. திங்கக்கிழமை மெஷின்ல நிக்கணும். இல்லாங்காட்டி வேற செட்டர போட்டுக்குவாங்களாம். அவரு கெட்டவரு இல்ல, வேற ஆள போடாம ரெண்டு மாசம் தாக்காட்டிட்டாரு.”

“உம்.”

“தேவா வந்திருந்தான். கட்டெல்லாம் பிரிச்சிட்டாங்க. உன்னத்தான் கேட்டான், அண்ணன் எப்டி கீறாருன்னு.”

எட்மண்ட் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போனான். குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. நெடுநேரம் அது நிற்கவில்லை.

“எதுனா தப்பா சொல்லிட்டனா தங்கச்சி?”

“நீ துன்னுண்ணா,” என்றாள் ஜெயகுமாரி.

அந்த வீட்டில் எல்லாப் படிவத்தையும் நிரப்புவது ஜெயகுமாரிதான். ரேஷன் கார்டு, கேஸ், மகள் ஜாஸ்லினின் நர்சிங் காலேஜ் விண்ணப்பம், கோவில் சந்தா அட்டை எல்லாம். நிரப்பி, எட்மண்ட் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து நீட்டுவாள். அவன் படிக்காமல் போட்டுக் கொடுப்பான். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவன் தூங்கும்போது, ஃபிரிட்ஜ் மேலிருந்த ஐந்து தாள்களையும் எடுத்துத் தூசி தட்டி உட்கார்ந்தபோது, தப்பு செய்வதாக அவளுக்குத் தோன்றவில்லை. முதல் தாளில் ஒன்பதும் எட்டும் போட்டாள். போகப்போக ஏழு, ஆறு. நடுவே சந்தேகம் வராமலிருக்க ஒரு எட்டு. ஐந்தாவது தாளில் நாலும் மூன்றும். ‘ரயில் சத்தம் கேட்டது, மூச்சை இழுத்து விட்டேன்.’ ‘வண்டி நிற்கும் இடம் வரை நடந்து போனேன்.’ அவன் செய்ய வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டதெல்லாம் கட்டங்களில் நடந்தது. முப்பத்தைந்து கட்டம் முடிந்ததும் கையை உதறிக்கொண்டாள். தாள்களை உறையிலிட்டு, மறுநாள் அவன் சட்டைப் பையில் வைத்து, “மேடம்கிட்ட குடுத்துடு,” என்றாள். அவன் என்னவென்று கேட்கவில்லை.

ஆறாவது சனிக்கிழமை. முக்கால் மணி நேரம் ஆனதும் தீபிகா கதவைத் திறந்து அவளையும் உள்ளே அழைத்தாள். எட்மண்ட் கூப்பிடச் சொன்னானாம். தாள்கள் மேஜைமேல் விரிந்திருந்தன.

“ஆறு வாரம் ஆச்சுல்ல, பேசலாம்னு சொல்லியிருந்தேனே. இதெல்லாம் பாத்தா நல்ல மாற்றம் தெரியுது.” தீபிகா ஒரு கட்டத்தில் விரல் வைத்தாள். “இந்தப் புதன்கிழமை வண்டி நிக்கிற இடம் வரைக்கும் போயிருக்கீங்க. எப்படி இருந்துச்சு சார் அது?”

எட்மண்ட் தாளைப் பார்த்தான். அதில் இருந்த எழுத்தைப் பார்த்தான். நிமிராமலே, “பரவால்ல மேடம். போனேன். வந்துட்டேன்,” என்றான்.

தீபிகா ஐந்து தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்தி வைத்துப் பார்த்தாள். “கம்பெனிக்கு லெட்டர் கேக்குறாங்கன்னு சொன்னீங்க. தயாரா இருக்கேன்னு உங்களுக்குத் தோணினா, அடுத்த வாரம் எழுதுறதைப் பத்திப் பேசலாம். ஒரு வாரம் யோசிங்க.”

திரும்பும் ரயிலில் கூட்டம். இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நின்றார்கள். வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றி, கால் சேற்றைக் கழுவி, ஈரச் சட்டையை உதறிக் கொடியில் போட்ட பிறகுதான் கேட்டான்.

“எப்போ எழுதுன?”

“நேத்து.”

“அஞ்சு வாரத்தையுமா?”

“ஆமா, மொத்தமாத்தான் எழுதுனேன். திட்றதுனா திட்டு.” அவளுக்குக் குரல் ஏறியது. “எனுக்கு இன்னா வழி சொல்லு. விடிகாலைல எய்ந்து மாவு பெசஞ்சி, சுத்தி, தூக்கினு போயி கடைக்கு குடுத்து, உனுக்கு சோறாக்கி, நீ எப்போ வாய தொறப்பன்னு மூஞ்சியவே பாத்துகினு... தோள்பட்ட ரெண்டும் உட்டுப் போவுதுய்யா. நீ எழுதல. யாராச்சும் எழுதணும்ல?”

“மொத்தமா,” என்றான் எட்மண்ட்.

சிரித்தான். ஆவணிக்கப்புறம் அவன் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. ஆனால் அது அவள் கேட்க விரும்பிய சிரிப்பில்லை. சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்டுகிற மாதிரி சிரித்து, அப்படியே சறுக்கித் தரையில் உட்கார்ந்தான். ஜெயகுமாரி பயந்துபோய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நானும் அப்டித்தான் ஜெயா.”

“இன்னா அப்டித்தான்?”

“பிரஸ்ஸு ஒவ்வொண்ணுத்துலயும் ஒரு சீட்டு தொங்கும். காலைல மெஷின தொறக்கறதுக்கு முன்னாடி நான் செக் பண்ணி டிக்கு போடணும். ரெண்டு பட்டன ரெண்டு கையாலயும் அமுக்குனாதான் பிரஸ் கீழ எறங்கணும். கை ரெண்டும் பட்டன்ல இருந்தா உள்ள போவாதுல்ல? அதுக்குத்தான் அது. மூணாம் நம்பர்ல ஒரு பட்டன் அமுங்கியே சிக்கிகினு கெடந்துது. ஒத்த கையில அமுக்குனாலே எறங்கிடும். அன்னிக்கு காலைல நான் தொட்டுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

“பாக்கலியா?”

“வியாழக்கிழமை கட்டத்துல டிக்கு கீது.” எட்மண்ட் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். “திங்கக்கிழமை போட்ட டிக்கு. சனிக்கிழமை வரைக்கும் மொத்தமா போட்டுட்டேன். எல்லாரும் அப்டித்தான் போடுவோம். ஆடிட்டுக்கு வந்தா சீட்டு ரொம்பி இருந்தா போதும், எவனும் பட்டன அமுக்கிப் பாக்க மாட்டான். தேவா மேல தப்புன்னு எழுதுனப்போ நானும் பக்கத்துலதான் நின்னேன்.”

வெளியே யாரோ தண்ணீரில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

“அந்தம்மாகிட்ட இத சொன்னியா?”

“இல்ல.”

“பாதர்கிட்ட?”

“இல்ல.”

“அப்போ அஞ்சாறு வாரமா அங்க இன்னாதான்யா பேசுன?”

“தூக்கம் வர்லன்னு பேசுனேன். சத்தத்த பத்தி பேசுனேன். வெரலு தகட்டு மேல கெடந்தத பத்தி பேசுனேன். அல்லாம் நெசந்தான். இத மட்டும் சொல்லல. சொல்லிட்டா அவங்களுக்கு என் மேல இருக்குற மரியாத போயிடும்னு...” முடிக்காமல் விட்டான்.

உன் தப்பு இல்லை என்று சொல்ல ஜெயகுமாரிக்கு நாக்கு வரை வந்தது. எத்தனையோ இரவுகள் அதைத்தான் சொல்லி அவனைத் தூங்கவைத்திருக்கிறாள். இன்றைக்கு அது வெளியே வரவில்லை. தேவாவின் சின்ன மகள் என்றோ ஒரு ஞானஸ்நான விருந்துக்கு வந்தபோது இவள் மடியில் தூங்கிப்போனது நினைவுக்கு வந்தது. எழுந்து போய் உலை வைத்தாள். அரிசி கழுவும்போது, சோறு வடிக்கும்போது, ரசத்துக்குப் புளி கரைக்கும்போது, ஒன்றையே திருப்பித் திருப்பி நினைத்தாள். தாளை நம்பி அந்தப் பெண் லெட்டர் எழுதியிருப்பாள். லெட்டரை நம்பி இவன் திங்கட்கிழமை மெஷின் முன்னால் நின்றிருப்பான், நடுங்குகிற கையோடு. வேலை கைவிட்டுப் போகுமோ என்ற பயத்தில் அவள் செய்த காரியம், கையையே கேட்டிருக்கும்.

தட்டு வைக்கும்போது, “அடுத்த வாரம் நானும் உள்ள வரேன். அந்தம்மாகிட்ட எல்லாத்தையும் நான் சொல்லிட்றேன்,” என்றாள்.

எட்மண்ட் சோற்றைப் பிசைந்தபடி யோசித்தான். “நீ எழுதுனத நீ சொல்லு ஜெயா. நான் எழுதுனத நான் சொல்றேன்.”

அந்த வாரம் முழுக்க அவன் முன்னைவிட மோசமாக இருந்தான். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒருநாள் ஆவடிக்கு வரவே மாட்டேன் என்றான். ஜெயகுமாரி வற்புறுத்தவில்லை. வற்புறுத்தும் தெம்பும் இல்லை. சனிக்கிழமை மத்தியானம் அவனாகவே முகம் மழித்துக்கொண்டு சட்டை மாட்டினான்.

மாடியில் ஜெயகுமாரி நின்றபடியே தன்னுடையதைச் சொல்லி முடித்தாள். ஒன்றரை நிமிஷம்கூட ஆகவில்லை. தீபிகா தலையாட்டினாள்.

“அஞ்சு தாளும் ஒரே மையில இருந்துச்சுக்கா. சாரே சொல்லட்டும்னுதான் ஒரு வாரம் விட்டேன். என் மேலயும் தப்பு இருக்கு. அன்னைக்கே கேட்டிருக்கணும், லெட்டர்னு பேச்செடுத்திருக்கக் கூடாது.” பிறகு அவள் முகத்தைப் பார்த்தாள். “உங்களுக்கு ரொம்ப அசதியா இருக்குல்ல?”

இரண்டு மாதத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை. ஜெயகுமாரி, “தோள்பட்டதான் மேடம் கொஞ்சம்,” என்று சொல்லிவிட்டு அவசரமாக வெளியே வந்து உட்கார்ந்தாள். கதவு சாத்திக்கொண்டது. கண்ணைத் துடைத்த முந்தானையை மடியில் போட்டுக்கொண்டு, கீழே மருந்துக்கடையில் இருமல் மருந்து கேட்கும் குரல்களைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கதவுக்குப் பின்னால் என்ன பேசுகிறார்கள் என்று காதைத் தீட்டாமல் அவள் அங்கே உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான்.

எட்மண்ட் வந்தபோது காய்ச்சல் விட்டவன் போல் இருந்தான். கையில் லெட்டர் இல்லை.

“சொல்லிட்டியா?” என்று படியில் கேட்டாள்.

“சொல்லிட்டேன்.”

“அவங்க இன்னா சொன்னாங்க?”

“நான் இன்னா செய்யணும்னு கேட்டேன். அத நான் சொல்ல மாட்டேன் சார், நீங்க யோசிங்க, கூட இருந்து நானும் யோசிக்கிறேன்னுட்டாங்க. அடுத்த வாரம் வரணுமாம்.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

“லேசா கீதா?”

அவன் நின்று, உண்மையாகவே தனக்குள் பார்த்துச் சொன்னான். “இல்ல. முன்ன விட பளுவா கீது. ஆனா எங்க பளுவா கீதுன்னு தெரியுது.”

ஆவடி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் சிமெண்ட் பெஞ்சு நனைந்திருந்தது. நின்றுகொண்டார்கள். ஜெயகுமாரியின் பையில் போன் அடித்தது. அசோக் சார். இந்த இரண்டு மாதமும் அவரிடம் பேசியது அவள்தான். முதலில் காய்ச்சல் என்றும், பிறகு கொஞ்சம் தேவலை என்றும், தூங்குகிறார் என்றும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். பச்சைப் பொத்தானை அழுத்தப் போனாள். எட்மண்ட் கை நீட்டினான்.

“சார், எட்மண்ட் பேசுறேன்... ஆமா சார், நாந்தான்.” போனை மறு காதுக்கு மாற்றினான். “லெட்டர் இல்ல சார். இன்னும் ஆவல... இல்ல, அவங்க தரமாட்டேன்னு சொல்லல. நான்தான் வேணாம்னேன். இப்போ மெஷின்ல நின்னா யாருக்கும் நல்லதில்ல சார்.”

மறுமுனையில் நீளமாக ஏதோ சொன்னார்கள். எட்மண்ட் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

“புரியுது சார். வேற ஆளு போட்றதுனா போட்டுக்கங்க... நான் திங்கக்கிழமை வரேன். மெஷினுக்கு இல்ல, உங்கள பாக்க. மூணாம் நம்பர் பத்தி ஒண்ணு சொல்லணும்... இல்ல சார், போன்ல வாணாம். தேவாவையும் வரச் சொல்லுங்க. அவன் முன்னாடியே சொல்றேன்.”

போனை அவளிடம் கொடுத்தான். ஜெயகுமாரிக்கு ஆயிரம் கேள்வி வந்தது. வேலை போனால்? போலீசு, கேசு என்று போனால்? எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு ஒன்றை மட்டும் கேட்டாள்.

“திங்கக்கிழமை நானும் வரட்டா?”

தண்டவாளத்தின் தூரத்து வளைவில் ரயிலின் விளக்கு தெரிந்தது. எட்மண்ட் அதைப் பார்த்தான்.

“கம்பெனி கேட்டு வரைக்கும் வா,” என்றான்.